துப்பாக்கிக் குச்சியில் கேமராவை வைத்தேன்: வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு மான் பயணம்

இந்தப் பதிவை எழுத எனக்கு நான்கு மாதம் பிடித்தது. எழுத உட்காருவேன், ரெண்டு வரியில் எழுந்துவிடுவேன். ஆனால் மான் படம் எடுக்க எங்கே போகலாம், பெரிய லென்ஸைத் தாங்க என்ன வாங்கலாம் என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அதற்கான பதில் இது. பயணம் போனது 2006 மே மாதம்.

புதிதாக வருகிறவர்களுக்கு: நான் திருச்சியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கணவருக்கு பேங்க் வேலை. விடுமுறை கிடைத்தால் நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன், அவர் வீட்டில் தூங்குவார். என் லென்ஸ் முழங்கை நீளம் இருக்கும். கையில் பிடித்து எடுத்தால் படம் ஆடிவிடும். முக்காலி இருக்கிறது, ஆனால் அதைச் சுமந்துகொண்டு கரம்பைக் காட்டில் நடந்தால் மானைப் பார்ப்பதற்கு முன்னாலேயே தோள்பட்டை செத்துவிடும்.

மஸ்கட்டில் இருக்கும் என் தம்பி ஒரு கடையில் விசாரித்தான். அது வேட்டைச் சாமான் விற்கிற கடை. அங்கே வேட்டை சட்டப்படி நடக்கிற நாடுகளில் மான் சுடப் போகிறவர்கள் துப்பாக்கிக்கு முட்டுக் கொடுக்கிற சாமான் இரண்டு விதம் இருந்ததாம். ஒன்று, துப்பாக்கியின் முனையில் மாட்டுகிற குட்டை இருகால். ஒரு சாண் உயரம்தான், தரையில் குப்புறப் படுத்தால்தான் பயன்படும். இன்னொன்று, மேல் நுனிக்குப் பக்கத்தில் சேர்த்துக் கோத்த இரண்டு நீளக் குச்சிகள். விரித்தால் மேலே கவட்டை மாதிரி நிற்கும், உட்கார்ந்தும் நின்றும் குறி பார்க்கலாம். "எதுக்கா, ரெண்டுல எது வேணும்?" என்று கேட்டான். நம்ம ஊர்த் தரையில் நெருஞ்சியும் கருவேல முள்ளும்தான். குப்புறப் படுக்க முடியுமா? குச்சிதான் என்றேன்.

வந்து சேர்ந்ததும் மொட்டைமாடியில் வைத்துப் பார்த்தேன். அரைக் கிலோ கூட இல்லை. கவட்டையில் ரப்பர் ஒட்டியிருந்ததால் லென்ஸ் வழுக்கவில்லை. பறக்கிற காக்கையை இடமும் வலமும் பின்தொடர வசதியாக இருந்தது. முன்னும் பின்னும் கொஞ்சம் ஆடும், கையை எடுத்தால் விழுந்துவிடும், அதுதான் குறை. பெட்டியின் மேல் துப்பாக்கியோடு ஒரு வெள்ளைக்காரர் படம் போட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அவ்வளவுதான்.

காலை ஆறு மணி பஸ்ஸில் திருச்சியில் ஏறினேன். பாடாலூரில் ஒரு டீ. பெரம்பலூர் சுமார் அறுபது கிலோமீட்டர், டிக்கெட் இருபது ரூபாய். பஸ் ஸ்டாண்டில் ஜமால் பாய் அம்பாசடரோடு காத்திருந்தார். லப்பைக்குடிக்காட்டுக்காரர், சவூதியில் பல வருஷம் லாரி ஓட்டிவிட்டு வந்தவர், எனக்கு இரண்டு பயணமாகப் பழக்கம். ஒரு நாளைக்கு டீசலோடு தொள்ளாயிரம் ரூபாய். அன்று வேப்பந்தட்டைப் பக்கம் மான், மறுநாள் அரியலூர் போய் கல்லங்குறிச்சிப் பெருமாளைச் சேவித்துவிட்டு, கரைவெட்டி ஏரியில் பறவை. திட்டம் இதுதான்.

வேப்பந்தட்டையைத் தாண்டி, மலைக்குப் போகிற கிளைச் சாலையில் ஒரு கீற்றுக் கொட்டகைச் சாப்பாட்டுக் கடை. மதியம் அங்கேதான். கடைக்காரருக்கு நாற்பது வயசு இருக்கும், வெள்ளை பனியன், நெற்றியில் திருநீறு, வாய் நிறையச் சிரிப்பு. பெயர் ராசு. குச்சிப் பெட்டியை பெஞ்சில் என் பக்கத்தில் வைத்திருந்தேன். அதை ரெண்டு தடவை பார்த்தார்.

"மானுக்கா வந்திருக்கீங்க?" என்றார்.

"ஆமாங்க. எங்க வரும்னு தெரிஞ்சா சொல்லுங்களேன்."

"மான் எடுக்கணும்னா சாயங்காலந்தாங்க. மேக்கால ஒரு குட்டை இருக்கு, இந்தக் கோடையில தண்ணி அங்க மட்டுந்தான். சாமானெல்லாம் கொண்டாந்திருக்கீங்கள்ல?"

"எல்லாம் வண்டியில இருக்குங்க."

அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போய், என் இலையில் கூடுதலாக ஒரு கரண்டி கறி வைத்தார். "இது ஸ்பெஷலுங்க, காசு வேணாம்." ஜமால் பாய் வெளியில் கறி சாப்பிட மாட்டார், ரசமும் முட்டையும்தான். நான் நன்றாகச் சாப்பிட்டேன். மிளகு தூக்கலாக, நார் நாராக, ருசியாக இருந்தது. அதையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

ஐந்து மணிக்குக் குட்டைக்கு வந்தோம். ரெண்டு கிரிக்கெட் பிட்ச் நீளம்தான் தண்ணீர். இந்தக் கரையில் கருவேலம், அந்தக் கரையில் ஊமத்தையும் எருக்கும். நான் கருவேல நிழலில் உட்கார்ந்து குச்சியை விரித்து லென்ஸை வைத்து, வெயிலில் மின்னாமல் இருக்க மேலே ஒரு துணியைப் போட்டேன். பாய் எனக்குப் பின்னால் ஒரு கல்லில் உட்கார்ந்தார். மயில் ஒன்று வந்து போயிற்று. வெயில் இறங்கி, தண்ணீர் மஞ்சளானது.

அப்போது கரையோரமாக யாரோ நடந்து வருகிற சத்தம். ராசு. தோளில் துண்டு, கையில் பீடி. எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்தவர் போலச் சிரித்துக்கொண்டே பக்கத்தில் குந்தினார்.

"எத்தன பேரு வந்திருக்கீங்க? நானும் எந்தம்பியும் அந்தப் பக்கம் எருக்கஞ்செடிக்குள்ள உக்காந்திருக்கோம். நீங்கபாட்டுக்கு குறுக்க சுட்டுறாதீங்க. அதச் சொல்லத்தான் வந்தேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. "என்னது சுடறது?" என்றேன்.

"பாய் நல்லா குறி பாப்பாராட்டுக்கு. மதியம் போட்ட கறி எப்படி இருந்துச்சு? முந்தாநேத்து இதே குட்டையில எடுத்ததுதான். வெளியூரு ஆளுங்க வந்தா நம்ம கடையில அதுதான் ஸ்பெஷலு."

ஆறேழு வருஷமாக எந்த மிருகத்தின் கண்ணை லென்ஸ் வழியாகப் பார்த்து மயங்கினேனோ, அதைத்தான் இலை வழித்துச் சாப்பிட்டிருக்கிறேன். மான் வேட்டை சட்டப்படி குற்றம் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். நாங்களும் அதே குற்றத்துக்கு வந்தவர்கள் என்றுதான் இவ்வளவு தோழமையாகப் பேசுகிறார். பாயைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கல்லிலிருந்து எழுந்துவிட்டிருந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ராசு என் தோளைத் தொட்டு, "உஸ்" என்றார்.

மான்கள் வந்துவிட்டன. ஒரு பெரிய பெட்டை, அதை ஒட்டி ஒரு குட்டி, பின்னால் இன்னும் மூன்று. காது மட்டும் ஆடுகிறது. பெட்டை தண்ணீரில் வாய் வைத்தது. எதிர்க்கரை எருக்கஞ்செடியில் ஏதோ மெல்ல அசைந்தது. ராசு என் காதோரம், "சும்மா இருங்க, தம்பி பாத்துக்குவான்" என்றார்.

குச்சியோடு எழுந்து நின்று "ஏய்!" என்று கத்தினேன். எவ்வளவு பலமாகக் கத்தினேன் என்று தெரியவில்லை, ரெண்டு நாள் தொண்டை கட்டியிருந்தது. மான்கள் ஒரே துள்ளலில் புதருக்குள் மறைந்தன.

மேலே போட்டிருந்த துணி நழுவி விழ, ராசு அப்போதுதான் கவட்டையில் இருந்ததைச் சரியாகப் பார்த்தார். "கேமராவா?" என்றார். சிரிப்பு மொத்தமாகப் போய்விட்டது. "என்னையப் படம் புடிச்சியா? யாரு அனுப்புனா ஒன்னைய? குடு அத!" குச்சியோடு சேர்த்து இழுத்தார். நானும் விடவில்லை. லென்ஸ் அவர் நெஞ்சுக்கு நேராக நின்றது. பாய், "விடுப்பா, பொம்பளகிட்ட என்ன" என்று ஓடி வந்தார்.

எதிர்க்கரையில் இடி மாதிரி ஒரு சத்தம். என் தலைக்கு மேலே கருவேல இலைகள் பொலபொலவென்று உதிர்ந்தன. ராசு கேமராவை விட்டுவிட்டு, யாரோ காலை வாரிவிட்டது போல உட்கார்ந்தார். பிறகுதான் அலறினார்.

"டேய், நான்டா! நான்தான்டா!"

வேட்டியின் தொடைப் பக்கம் நனைந்துகொண்டே வந்தது. முதலில் குட்டைத் தண்ணீர் என்று நினைத்தேன். என் காது 'ஙொய்' என்றது. பாய்தான் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தொடையில் இறுக்கிக் கட்டினார். "அக்கா, பாத்துக்கிட்டு நிக்காதீங்க, அந்தக் கைய புடிங்க!" என்று அவர் அதட்டிய பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. எதிர்க்கரையில் யாரோ ஓடுகிற சத்தம் கேட்டது. தம்பிக்காரன் வரவில்லை.

பெரம்பலூர் ஆஸ்பத்திரிவரை ராசுவின் தலை என் மடியில்தான் இருந்தது. கொஞ்ச நேரம் முன்னால் என்னை அடிக்க வந்த மனிதர் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். "கம்பி குத்திருச்சுன்னு சொல்லுங்கம்மா. புள்ளைங்க இருக்கு. தம்பி உள்ள போயிருவான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். டாக்டர் கேட்டபோது, "துப்பாக்கிச் சூடு" என்றேன். ராசு கண்ணை மூடிக்கொண்டார். தொடையிலிருந்து சைக்கிள் பால்ரஸ் குண்டுகளை எடுத்தார்கள், நாட்டுத் துப்பாக்கியில் ஈயக் குண்டுக்குப் பதில் போட்டவை. உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள்.

போலீஸ் வந்தது, பிறகு வனத்துறையும். என்னையும் பாயையும் விசாரித்தார்கள். குச்சிப் பெட்டியின் மேல் இருந்த படத்தைப் பார்த்த அதிகாரி, "இது எதுக்கும்மா உங்களுக்கு?" என்று கேட்ட தொனியை மறக்க முடியாது. கேமராவில் இருந்த மயில் படங்களைக் காட்டி, கணவர் திருச்சியிலிருந்து வந்து பேசிய பிறகுதான் நம்பினார்கள். குச்சியை வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை தம்பிக்காரன் தானாகவே ஆஸ்பத்திரிக்கு வந்தான். இருபத்தைந்து வயசு இருக்கும். அண்ணன் கட்டில் பக்கத்தில் நின்று தேம்பித் தேம்பி அழுதான். போலீஸ்காரர், "மான் ஓடிருச்சு, அப்புறம் எதுக்குடா சுட்ட?" என்று கேட்டார்.

அவன் என்னைக் காட்டினான். "இந்தம்மா துப்பாக்கிய அண்ணன் நெஞ்சுல வெச்சிருந்தாங்க சார். அண்ணனச் சுடப் போறாங்கன்னு நெனச்சேன். இவங்களத்தான் சுட்டேன். தப்பிப் போயி அண்ணன் மேல பட்டுருச்சு."

அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ராத்திரி முழுக்க அதைக் கை தவறி வெடித்த வெடி என்றே நினைத்திருந்தேன். அப்படி இல்லை. குறி நான்தான்.

அரியலூர்ப் பயணம் அதோடு நின்றது. அண்ணன் தம்பி இருவர் மேலும் வழக்கு நடக்கிறது. சாட்சி சொல்ல நானும் பாயும் போய் வருகிறோம். கடை மூடிக் கிடக்கிறது. ஊரில் சிலர் என்னைத் திட்டுகிறார்கள், சிலர் போன் செய்து நல்ல காரியம் என்கிறார்கள். ராசுவின் மனைவி மட்டும் ஒரு வாய்தாவின்போது என் எதிரில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பெரிய லென்ஸுக்குத் துணிப்பைதான் வாங்குங்கள், இல்லை நீங்களே தைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தட்டைப்பயறு கொட்டி இறுக்கித் தைத்தால் போதும். கார் ஜன்னல் விளிம்பு, பாறை, வரப்பு, எதன் மேல் வைத்தாலும் லென்ஸ் அசையாது. துப்பாக்கிக்கென்று செய்த இருகால், கவட்டைக் குச்சி எதுவும் வேண்டாம், எவ்வளவு வசதியாக இருந்தாலும். காட்டோரம் போகிறவர்கள் முதலில் வனத்துறையிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வழியில் விசாரிக்கும்போது "படம் எடுக்க" என்று முழுசாகச் சொல்லுங்கள். பச்சை, காக்கி உடை வேண்டாம். புதிதாக எடுக்கப் பழகுகிறவர்களுக்குக் கரைவெட்டி போதும். நவம்பருக்குப் பிறகு போனால் பறவை நிறைய, ஆள் நடமாட்டமும் இருக்கும்.

போன வாரம் ஒரு காரியம் செய்தேன். விளக்கு வைக்கிற நேரம், கணவரிடம் ஒட்டடைக் கம்பு இரண்டைச் சேர்த்துக் கட்டிக்கொடுத்து, அதன் மேல் லென்ஸை வைத்துக்கொண்டு எங்கள் மொட்டைமாடியில் உட்காரச் சொன்னேன். நான் எதிர்வீட்டு மாடிக்குப் போனேன். திரும்பிப் பார்த்தால், இருபத்திரண்டு வருஷம் என்னோடு குடும்பம் நடத்துகிற மனிதர் அங்கே இல்லை. ஒரு கறுப்புக் குழாயும் அதன் பின்னால் ஒரு தலையும்தான் இருந்தன. அது கேமரா என்று தெரிந்திருந்தும், மடாரென்று கைப்பிடிச் சுவருக்குக் கீழே உட்கார்ந்துவிட்டேன்.