கெட்டி மேளத்துக்குப் பெர்மிட் இல்லை

என் கல்யாணத்துக்கு மேளக்காரர்கள் வந்திருந்தார்கள். காலைப் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டார்கள். ஆனால் தாலி ஏறும்போது மட்டும் அடிக்கவில்லை. அடிக்கக் கூடாது என்று போலீஸ் உத்தரவு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் மலாயாவின் ஈப்போ டவுன் அப்படித்தான் திடீரென்று பெரிய மனுஷியாகி, சத்தம் போடாதே, சத்தம் போடாதே என்று எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தது.

அதற்கு முன்னால் நாங்கள் ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அங்கே கல்யாணம் என்றால் வெள்ளைக்காரத் தொரையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மூன்று நாள் அடிக்கலாம். அப்பாவுக்கு ரயிலடியில் சரக்குக் கணக்கு எழுதும் கிராணி வேலை கிடைத்ததும் டவுனுக்கு வந்து, புதிதாகக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். வீடு நல்ல வீடு. இருபது அடி தள்ளி ஒரு மாதா கோயில் இருந்தது. அதை அப்பா ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை.

எனக்கு மாப்பிள்ளை கோலா கங்சார் பக்கத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர். பெண் பார்க்க வந்த அன்று அவருடைய அம்மா என்னை நாற்பது கேள்வி கேட்டார். மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. காப்பி கொடுக்கும்போது என் விரலில் அரிவாள்மனை வெட்டுக்குத் துணி சுற்றியிருந்ததைப் பார்த்துவிட்டு, "அத அவுத்து, சுடுதண்ணில கழுவிட்டுக் கட்டுங்க" என்றார். அவ்வளவுதான். கட்டினால் இவரைத்தான் கட்டுவது என்று நான் அங்கேயே முடிவு செய்துவிட்டேன். வெட்கமெல்லாம் பிறகு.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்த அம்மாவுக்குச் சகுனம் என்றால் உயிர். மாப்பிள்ளைக்கு இதற்கு முன் இரண்டு இடம் பேசி, இரண்டையும் அந்த அம்மாவே நிறுத்தியிருக்கிறார். ஒரு வீட்டில் தட்டு மாற்றும்போது பல்லி சொன்னது. இன்னொரு வீட்டில் பெண்ணின் சித்தப்பா தும்மினார். தும்மின மனுஷன் காலில் விழுந்து கெஞ்சியும் நடக்கவில்லையாம். இதைக் கேட்டதிலிருந்து எங்கள் வீட்டில் யார் மூக்கைச் சொறிந்தாலும் நான் கையைத் தட்டிவிட்டேன்.

அதனால்தான் மேளம் எங்களுக்கு அவ்வளவு முக்கியம். தாலி கட்டும் நேரத்தில் தும்மல், இருமல், அழுகை எதுவும் காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டி மேளம் அடிக்கிறார்கள். கூட்டத்தில் யானை பிளிறினாலும் கேட்காது. எங்கள் அப்பா என்ன செய்தார் தெரியுமா? பஞ்சாங்கம் பார்த்து ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே காலிலிருந்து பத்து வரை முகூர்த்தம் குறித்து, பத்திரிகை அடித்து, பாகான் டத்தோ வரைக்கும் அனுப்பிவிட்டு, கடைசி வாரத்தில் சாவகாசமாக மேளத்துக்குப் போலீஸில் பெர்மிட் கேட்கப் போனார். கிராணி வேலை பார்க்கிற மனுஷன். பெர்மிட் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை மாதா கோயிலில் பூசை, அந்த நேரத்தில் பக்கத்தில் கொட்டு, குழல், வெடி, கைதட்டல் எதுவும் கூடாது என்று அதிலேயே எழுதியும் கொடுத்தார்கள்.

அப்பா வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து அதைப் படித்துக் காட்டினார். நான் பேசினேன். என்னென்ன பேசினேன் என்று இங்கே எழுத முடியாது. நாளை மாற்றலாம் என்றால் மறு வாரம் ஆடி பிறக்கிறது. கோயில் மண்டபத்துக்குப் போகலாம் என்றால் அன்றைக்கு அங்கே ஏற்கெனவே மூன்று கல்யாணம். கடைசியில் அப்பா கோலா கங்சாருக்கு ரயிலேறிப் போய் மாப்பிள்ளையின் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார். மேளம் இல்லாவிட்டால் பரவாயில்லை, பிரிட்டிஷ்காரன் சட்டத்துக்கு நாம் என்ன செய்ய முடியும் என்று அந்த அம்மா பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, ஆனால் தும்மல் விழுந்தால் தாலி பிடித்த என் மகன் கை இறங்கிவிடும் என்றும் சொல்லி அனுப்பினார்.

கல்யாணத்தன்று அப்பா வாசலில் ஒரு பிஸ்கட் டின்னோடு நின்றார். சந்தனம் கொடுக்க ஒரு ஆள், கற்கண்டு கொடுக்க ஒரு ஆள், மூக்குப்பொடி டப்பாவைப் பிடுங்கி டின்னில் போட அப்பா. என் தாய்மாமன் இடுப்பில் ஒன்று, தலைப்பாகையில் ஒன்று என்று இரண்டு டப்பா வைத்திருந்தார். இரண்டையும் பறிகொடுத்துவிட்டு, பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். சளி பிடித்தவர்களையெல்லாம் பின்கட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. பத்தரை மணி வரை அடுப்படியில் மிளகாய் தாளிக்கக் கூடாது என்று சமையல்காரரிடம் சொன்னதற்கு, அப்படியானால் சாம்பாரை நீங்களே வையுங்கள் என்று கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். அவரை ஒரு வழியாகச் சமாதானம் செய்தோம்.

தவில்காரருக்குத்தான் தாங்க முடியவில்லை. தாப்பாவிலிருந்து வந்தவர், பெரிய வித்துவான். கெட்டி மேளம் இல்லாமல் நான் எதற்கு என்று கேட்டார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, கைய மட்டும் ஆட்டுங்க, தோல்ல படவேணாம்" என்றார். அவர் தவிலைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

ஒன்பது மணிக்கு ஒரு மலாய்க்காரப் போலீஸ் வந்து வாசலில் நின்றார். நல்ல மனுஷன், சின்ன வயசு. செருப்புச் சத்தம் கேட்டாலும் உதட்டில் விரலை வைத்து "டியாம், டியாம்" என்பார். சத்தம் போடாதே என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் எங்கள் உறவுக்காரர்களும் ஒருவருக்கொருவர் டியாம் டியாம் என்று சொல்லத் தொடங்கி, அந்தச் சத்தமே பெரிய சத்தமாகிவிட்டது. போலீஸ் தலையில் கைவைத்துக்கொண்டார்.

முகூர்த்தம் வந்தது. குருக்கள் மந்திரத்தைக் காதோடு காதாகச் சொன்னார். நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் மணையில் உட்கார்ந்து, ஒவ்வொருத்தர் மூக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணப்பெண் தலை குனிந்து இருக்க வேண்டும் என்று பின்னாலிருந்து யாரோ கிள்ளினார்கள். யார் கிள்ளினால் எனக்கென்ன. குருக்கள் ஓசையே இல்லாமல் விரலை மட்டும் ஆட்டினார். கெட்டி மேளமாம். தவில்காரர் கோபத்தையெல்லாம் மறந்து காற்றில் வெளுத்து வாங்க ஆரம்பித்தார். தலை ஆடுகிறது, குடுமி அவிழ்கிறது, வியர்வை கொட்டுகிறது, சத்தம் மட்டும் இல்லை. நாயனக்காரர் சீவாளி வாயில் படாமல் கன்னத்தை மட்டும் உப்பிக்கொண்டார். எல்லார் மூக்கையும் பார்த்த நான் என் மூக்கை மறந்துவிட்டேன். ஈர விறகில் மூட்டிய ஓமப்புகை நேராக எனக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

தாலி என் கழுத்துக்குப் பக்கத்தில் வந்தபோது நான் தும்மினேன்.

சின்னத் தும்மல் இல்லை. மாதா கோயிலில் இருப்பவர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள். "நிறுத்துடா" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. தவில்காரரின் கை அந்தரத்தில் நின்றது. போச்சு, எல்லாம் போச்சு, என் மூக்காலேயே என் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன் என்று எனக்கு அழுகை முட்டியது.

அப்போது அவர் தும்மினார். இரண்டு கையிலும் தாலியைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்தபடியே, "அச்சு" என்றார். புத்தகத்தில் இருக்கும் எழுத்தைப் பார்த்து வாசிக்கிறவர் மாதிரி இருந்தது. ஒற்றைத் தும்மல்தான் ஆகாது, இரட்டைத் தும்மல் நல்லது என்பது எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. கூட்டம் மூச்சு விட்டது. அதற்குள் எங்கள் அப்பா, ரயிலடி விசிலில் பாதிக் காது போன மனுஷன், மாப்பிள்ளை தும்மியது கேட்காமல், மகளைக் காப்பாற்றுகிறேன் என்று பின்னாலிருந்து "ஹச்" என்று ஒன்று போட்டார்.

மூன்று. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்து, ஒற்றைப்படை என்றார். அவரை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை. நாலாவதைத் தும்முகிறேன் என்று என் மாமன் பிஸ்கட் டின்னை நோக்கி ஓடினார். மூடி இறுகிப்போய்த் திறக்கவில்லை. பத்து மணி ஆக இரண்டு நிமிஷம் என்று குருக்கள் விரலைக் காட்டினார். போலீஸ் உள்ளே வந்து, தும்மலுக்குப் பெர்மிட்டில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மாப்பிள்ளையின் அம்மா தன் மகன் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். முந்தானையை எடுத்து மூக்கில் வைத்து, கண்ணைக்கூட மூடாமல், தெளிவாக ஒரு தும்மல் தும்மினார். அதைவிடப் பொய்யான தும்மலை நான் என் ஆயுளில் கேட்டதில்லை.

"நாலாச்சு. கட்டு," என்றார்.

மூன்று முடிச்சு விழுந்தது. பத்தரை ஆனதும் தவில்காரர் காத்திருந்த வெறியெல்லாம் சேர்த்து அடித்த அடியில் பந்தியில் ஒருவராலும் ரசம் கேட்டு வாங்க முடியவில்லை. அந்த இரைச்சலில் மாமியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் இலையில் ஒரு வடையை வைத்தார். வேறு யாருக்கும் கேட்காது என்கிற தைரியத்தில் என் காதில் சொன்னார்.

"என் மவன் தும்முனா எப்படி இருக்கும்னு பெத்தவளுக்குத் தெரியாதா? இது வரைக்கும் எங்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல அவன். சாப்பிடு."