குதிரை டாக்டரின் தலைக்கவசம்

தவமலர் அக்காவை எனக்கு 1994-லிருந்து தெரியும். டெக்சஸில் ஆலன் அப்போது சின்ன ஊர். ஒரே அபார்ட்மென்டில் நாங்கள் மாடி, அவர்கள் கீழ்வீடு. எனக்கு நாகர்கோவில், அக்காவுக்கு யாழ்ப்பாணத்தில் பாஷையூர். கணவர் அல்பிரட் ஒரு டெலிபோன் கம்பெனியில் இன்ஜினியர்.

மாதம் ஒருமுறை சர்ச்சில் தமிழ்ப் பூசை முடிந்து ஹாலில் சாப்பாடு நடக்கும். அங்கேதான் அக்காவின் வேலையைப் பற்றிப் பேச்சு வந்தது. மெக்கின்னியில் டக்கட் என்பவர் பழைய ஜெர்மன் ராணுவ வாள்களும் தலைக்கவசங்களும் விற்கும் கடை வைத்திருந்தார். அக்கா அங்கே வேலை பார்த்தார். ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டராக இருந்த மோசஸ் அங்கிளுக்கு அது பிடிக்கவில்லை. கத்தோலிக்கப் பெண் கத்தியும் வாளும் கிடக்கிற இடத்தில் ஹிட்லர் சாமானைத் தொட்டுச் சம்பாதிக்கலாமா என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

அக்கா தட்டைக் கீழே வைக்கவில்லை. "இது ஹிட்லருக்கு முந்தின ஆக்களின்ர சாமான், அங்கிள். கைசர் எண்ட ராசாவின்ர காலம். கத்தி கிடக்கிற இடமெண்டு சொல்லுறீங்கள். உங்கட ஹொஸ்பிட்டலிலயும் கத்தி கிடக்குதுதானே?" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால் பேசியது நிற்கவும் இல்லை.

அந்த வேலைக்கு வேண்டிய ஜெர்மன் மொழி அவருக்கு எப்படி வந்தது என்றால், எண்பத்தைந்தில் அகதியாக ஜெர்மனிக்குப் போய் ஏழு வருஷம் இருந்தார். அவரைத் தங்கவைத்த சர்ச்சின் பங்கு ஆபீஸில் நூறு வருஷத்துப் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் இருந்தன. அவற்றை அட்டைகளில் பிரதி எடுக்க ஆள் தேடினார்கள். அந்தக் காலத்துக் கையெழுத்தை இன்றைய ஜெர்மன்காரர்களே வாசிக்க மாட்டார்கள். e பார்த்தால் n மாதிரி இருக்கும், h இரண்டு வளையமாக ஓடும். அக்கா நூலகத்தில் ஒரு பழைய பள்ளிக்கூடப் புத்தகத்தை எடுத்து, குழந்தைகள் மாதிரி எழுதிப் பழகி, ஆறு மாதத்தில் வாசிக்க ஆரம்பித்துவிட்டார். கல்யாணமாகி அமெரிக்கா வந்தபோது அந்தப் படிப்புக்கு இங்கே என்ன மதிப்பு என்று அல்பிரட் அண்ணன் சிரித்தாராம். கடைசியில் டக்கட்டின் விளம்பரத்தைப் பேப்பரில் பார்த்ததே அண்ணன்தான்.

கடைக்கு வரும் சாமான்கள் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போரில் சண்டைபோட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் ஜெர்மன் வீடுகளிலிருந்து எடுத்து வந்தவை. அவர்கள் இறந்ததும் பிள்ளைகள் விற்றுவிடுவார்கள். வாளின் அலகில் இரண்டு எழுத்து பொறித்திருக்கும், தலைக்கவசத்தின் உள்தோலில் மை தேய்ந்துபோன ஒரு பெயர் இருக்கும். அது யார் என்று கண்டுபிடிப்பதுதான் அக்காவின் வேலை. கைசர் ராணுவத்தின் ஆவணங்களில் பெரும்பகுதி இரண்டாம் போரின் கடைசி மாதத்தில் குண்டுவீச்சில் எரிந்துவிட்டது. மிஞ்சியது வருஷாவருஷம் அச்சிட்ட அதிகாரிகள் பட்டியல். அதில் ரெஜிமென்ட் வாரியாகத் தேடி, டாலஸ் நூலகங்களில் மைக்ரோஃபிலிம் சுற்றி, ஜெர்மனியில் ஏதாவது ஊருக்குக் கடிதம் எழுதி, மாதக்கணக்கில் காத்திருந்து ஒரு பெயரைப் பிடிப்பார். பிடித்ததும் ஒரு பக்கத்தில் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போடுவார். சேகரிப்பவர்கள் அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். கையெழுத்தை உச்சரிக்கத் தெரியாமல் 'மிஸஸ் டி லெட்டர்' என்று பெயர் வைத்தார்கள்.

தொண்ணூற்றேழு ஜனவரியில் ஓக்லஹோமாவிலிருந்து ஒரு பெட்டி வந்தது. ஹோலிஸ் என்ற முன்னாள் சிப்பாயின் வீட்டுச் சாமான். உள்ளே ஒரு வாளும், உச்சியில் கூர்முனை வைத்த தோல் தலைக்கவசமும். வாளில் ஒன்றுமில்லை. தலைக்கவசத்தின் உள்ளே V, ஒரு புள்ளி, பிறகு ஓல்பிரிங்க் என்ற பெயர், ஒரு குதிரைப்படை ரெஜிமென்டின் எண்.

டக்கட் பட்டியலைத் தானே புரட்டினார். அந்த ரெஜிமென்டில் கேப்டன் ஃபொன் ஓல்பிரிங்க் என்ற பிரபு இருந்தார். 1914 ஆகஸ்டில் குதிரையோடு பாய்ந்து போய்ச் செத்தவர். பெயருக்கு முன்னால் ஃபொன் வந்தால் பிரபு வம்சம், அதைச் சுருக்கி v என்று போடுவார்கள். சுகர் லேண்டில் கோல்டர் என்று ஒருவர், எண்ணெய்க் கம்பெனியில் ரிட்டயர் ஆனவர், இப்படி ஒரு கேப்டனின் சாமானுக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தார். டக்கட் அன்றே அவருக்குப் போன் பண்ணிவிட்டார்.

அக்கா அதே பட்டியலில் கடைசி வரிவரை படித்தார். படை அதிகாரிகள், டாக்டர்கள் எல்லாரும் முடிந்த பிறகு, அடியில் இன்னொரு ஓல்பிரிங்க் இருந்தார். ஃபொன் இல்லாத ஓல்பிரிங்க். குதிரை டாக்டர், ஜெர்மனில் வெட்டரினேர், Veterinär. அக்கா டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து உள்தோலைப் பார்த்தார். V பெரிய எழுத்து. பிரபுக்கள் சின்ன எழுத்தில்தான் போடுவார்கள். V-க்கும் புள்ளிக்கும் நடுவே இரண்டு எழுத்துக்கு இடம் இருந்தது. வியர்வையில் மை போயிருந்தாலும் பேனா முள் கீறிய தடம் தோலில் நின்றது. e, t. Vet.

டக்கட் டார்ச்சை வாங்கிப் பார்த்தார். கீறல் எதுவும் தனக்குத் தெரியவில்லை, கேப்டன் என்றே எழுது என்றார். முடியாது என்றார் அக்கா. உன்னை ஜெர்மன் வாசிக்கத்தான் வேலைக்கு வைத்தேன், தீர்ப்புச் சொல்ல இல்லை என்றார் அவர். வாசித்ததைத்தான் எழுதுவேன், வாசிக்காததை எழுத வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, அக்கா மேசையில் இருந்த தன் பூதக்கண்ணாடியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார். கூட்டிப்போக அல்பிரட் அண்ணன் வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. மெக்கின்னி கோர்ட்டுக்கு எதிரில் பெஞ்சில், ஜனவரிக் குளிரில், அவ்வளவு நேரமும் உட்கார்ந்திருந்தார்.

மார்ச்சில் டாலஸ் ஏர்போர்ட் பக்கம் ஒரு ஹோட்டலில் பழைய ராணுவச் சாமான்களின் கண்காட்சி வந்தது. டக்கட் அங்கேதான் கோல்டருக்கு விற்கப்போகிறார் என்று அக்காவுக்குத் தெரிந்தது. அண்ணன் காரை எடுக்க மறுத்தார்.

"உமக்கு ஏன் மலர் இந்தத் தொல்லை? கிரீன் கார்ட் இன்டர்வியூ வருது. அவன் பொலிஸுக்குப் போன் பண்ணினா என்ன செய்யிறது?"

"நான் களவெடுக்கேல்லை. பொய் சொல்லேல்லை. பொலிஸ் வந்து என்னத்தைக் கேக்கிறது?"

"செத்துப்போன ஒரு மாட்டு டொக்டருக்காகவோ?"

"குதிரை டொக்டர்," என்றார் அக்கா. பிறகு மாடி ஏறி வந்து என்னைக் கேட்டார். நான் கார் சாவியை எடுத்தேன்.

ஹால் முழுக்கத் தொப்பி வைத்த ஆண்கள். சேலை கட்டியிருந்தது நாங்கள் இருவர்தான். டக்கட்டின் மேசையில் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே தலைக்கவசம், பக்கத்தில் கேப்டன் பெயர் போட்ட அட்டை. கோல்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா நேராக அவரிடம் போனார். தன் பெயரைச் சொன்னார். "இதனோடு உங்களுக்கு ஒரு கடிதம் தருவார்கள். அதை எழுதியது நான் இல்லை. இது கேப்டனுடையது இல்லை, அந்த ரெஜிமென்டின் குதிரை டாக்டருடையது."

வேலையை விட்டு நிறுத்திய ஆத்திரத்தில் பேசுகிறாள் என்றார் டக்கட்.

"நிறுத்தவில்லை. நான்தான் போனேன்," என்று சொல்லி அக்கா டார்ச்சை நீட்டினார்.

கோல்டர் அதை வாங்கி உள்ளே அடித்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். அவர் ஒன்றும் சொல்வதற்குள் டக்கட் தலைக்கவசத்தை எடுத்து மேசைக்கு அடியில் வைத்துவிட்டார். கோல்டர் எங்கள் இரண்டு பேரையும் முறைத்துவிட்டுப் போய்விட்டார். காவலுக்கு நின்றவர் வந்து எங்களை வெளியே போகச் சொன்னார். டிக்கெட் வாங்கித்தான் வந்தோம், மூன்று மணிக்குத்தானே மூடுகிறீர்கள் என்றார் அக்கா. ஒரு மடக்கு நாற்காலியை இழுத்து டக்கட் மேசைக்கு எதிரே போட்டு, பட்டியலின் ஃபோட்டோகாப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன். யாராவது நின்று என்ன என்று கேட்டால் பக்கத்தைக் காட்டி அடிவரியைப் படிக்கச் சொன்னார். கேட்காதவர்களை அவர் கூப்பிடவில்லை. மூன்று மணிவரை இப்படியே. காரில் ஏறியதும் பசிக்கிறது என்றார். வழியில் நிறுத்தி இரண்டு பர்கர் சாப்பிட்டார்.

அண்ணன் மூன்று நாள் பேசவில்லை. போலீஸும் வரவில்லை. மே மாதம் இன்டர்வியூ நடந்தது, கார்டும் வந்தது. அதற்கு முன்பே அக்கா அந்த ரெஜிமென்ட் இருந்த சின்ன ஊரின் பங்குச் சர்ச்சுக்கு எழுதியிருந்தார். ஆகஸ்டில் பதில் வந்தது. எழுதியவர் குதிரை டாக்டரின் பேத்தி, மருந்துக்கடை வைத்திருக்கிறவர்.

தாத்தா போருக்குப் பிறகு ஊரில் ஆடுமாடுகளுக்கு வைத்தியம் பார்த்து, 1931-இல் நிமோனியாவில் இறந்தாராம். நாற்பத்தைந்தில் அமெரிக்கச் சிப்பாய் ஒருவன் வந்து அலமாரியைத் திறந்து வாளையும் தலைக்கவசத்தையும் எடுத்தபோது பாட்டி வாசலை மறித்து நின்றாளாம். ரசீது தராமல் விடமாட்டேன் என்றாளாம். அவன் சிகரெட் அட்டையைக் கிழித்து எழுதிக் கொடுத்திருக்கிறான். அட்டையின் பிரதியும் கடிதத்தோடு வந்தது. ஒரு வாள், ஒரு தலைக்கவசம், கீழே ஹோலிஸ் என்று கையெழுத்து. கூடவே ஒரு போட்டோ: தொப்பை வைத்த மனிதர், ஒரு கையில் குதிரையின் குளம்பைத் தூக்கிப் பிடித்திருக்கிறார், தலைக்கவசம் காதுவரை இறங்கியிருக்கிறது.

அக்கா அந்தப் போட்டோவை என்னிடம் காட்டி, வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாட்டி கெட்டிக்காரி" என்றார்.

எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்து ஒன்றை டக்கட்டுக்கும் ஒன்றைக் கோல்டருக்கும் அனுப்பினார். கோல்டர் போனில் கூப்பிட்டு அரைமணி நேரம் கோபப்பட்டார். ஒரு கேப்டனுக்காகக் காத்திருந்தவனுக்குக் குதிரை டாக்டரைக் கொடுத்துவிட்டாயே என்றார். இரண்டு வாரம் கழித்து அவரே அதை வாங்கினார், குதிரை டாக்டர் என்ற பெயரிலேயே. ஏன் என்று சொல்லவில்லை. மிஸஸ் டி கடிதம் இல்லாமல் வாங்கமாட்டேன் என்றிருக்கிறார். அக்கா எழுதிக் கொடுத்தார். பேத்திக்கு அது திரும்பக் கிடைக்குமா என்று அவரிடம் இரண்டு தடவை எழுதிக் கேட்டார். முடியாது என்றுவிட்டார். அது மட்டும் நடக்கவில்லை.

அதன் பிறகு அக்கா எந்தக் கடைக்கும் வேலைக்குப் போகவில்லை. சாப்பாட்டு மேசையில் டார்ச்சும் பட்டியல்களும் வந்து உட்கார்ந்தன. நியூஜெர்சியிலிருந்தும் கலிஃபோர்னியாவிலிருந்தும் போட்டோக்கள் தபாலில் வந்தன. தொண்ணூற்றொன்பதில் டக்கட் கூப்பிட்டார், கடைக்கு வர முடியுமா என்று. போட்டோவைத் தபாலில் அனுப்பு, எல்லாருக்கும் செய்கிற மாதிரி உனக்கும் செய்வேன், கடைக்கு வரமாட்டேன் என்றார் அக்கா. அவர் அனுப்பினார்.

போன வருஷம், 2000 நவம்பரில், சான்டா கிளாராவிலிருந்து ஒருவர் ஒரு வாளின் படங்களை அனுப்பியிருந்தார். தளபதி ஒருவருடையது என்று அவருக்கு நிச்சயம். அக்கா பதினோரு வாரம் தேடி, 'உரியவர் யாரென்று கண்டுபிடிக்க முடியவில்லை' என்று ஒரே வரியில் எழுதி அனுப்பினார். அந்த ஆள் கடிதத்தைக் கிழித்து அதே கவரில் திருப்பி அனுப்பினார். நான் பார்க்கும்போது அக்கா அதே ஆளுக்கு அந்த வரியை இன்னொரு தாளில் டைப் அடித்துக்கொண்டிருந்தார். அல்பிரட் அண்ணன் பக்கத்தில் நின்று தபால்தலையை நனைத்து ஒட்டினார்.