மாத்திரைப் பையும் மஞ்சப் பையும்

1. மாடு குடிச்ச தண்ணி

கேம்ப் போட்ட அன்னைக்கு ஒரு ஈ காக்கா வரலை. சமுதாயக் கூடத்துல நாற்காலி போட்டு, பி.பி. மெஷின், குளுக்கோமீட்டர் எல்லாம் மேசைமேல எடுத்து வெச்சுட்டு, நானும் லேப் டெக்னீசியனும் வாசலையே பார்த்துட்டு உக்காந்திருந்தோம். அன்னூர் பக்கம் ஒரு தோட்டத்து ஊர் அது. அங்கே நான் கிராம சுகாதார செவிலியர். ஊர்க்காரங்க வாயில நர்சம்மா.

அப்போதான் திட்டத்தை மாத்தியிருந்தாங்க. அதுவரைக்கும் சுகர் மாத்திரை வேணும்னா எங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, அதான் பி.எச்.சி.க்கு, வந்து வரிசையில நிக்கணும். புதுத் திட்டத்துல வீடு வீடாப் போய் டெஸ்ட் பண்ணி, செல்போன் ஆப்ல பேரைப் பதிஞ்சு, மாசாமாசம் வாசல்லயே மாத்திரை குடுத்துடுவோம். பைசா செலவில்லை. இதுக்குமேல ஒரு அரசாங்கம் என்னதான் செய்யும்? வாயில ஊட்டியா விடும்?

ரோட்டுல போன ஒருத்தரை நிறுத்திக் கேட்டேன். "ஏனுங்க, டெஸ்ட்டுக்கு வரலீங்களா?"

"வாரனுங்க நர்சம்மா. மாட்டுக்குத் தண்ணி காட்டிப்போட்டு வந்தர்றனுங்க."

அவர் மாடு சாயங்காலம் வரைக்கும் தண்ணி குடிச்சுது.

யாரும் சண்டை போடலை, எதிர்த்து ஒரு வார்த்தை பேசலை. கொங்கு நாட்டுல மாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல மாட்டாங்க. "இருக்கட்டுங்க", "அப்பறம் பாத்துக்கலாமுங்க", "காப்பி குடிச்சுட்டுப் போங்க". அவ்வளவுதான். சண்டை போட்டாலாவது பதில் சொல்லலாம். காப்பியைக் குடிச்சுட்டு என்னத்தைச் சொல்றது?

முதுகுக்குப் பின்னாடி மட்டும் பேச்சு கொடிகட்டிப் பறந்துச்சு. சுகர்னு பேர் ஏறினா ரேஷன் சர்க்கரையை நிறுத்திப்போடுவாங்களாம். பேங்க்ல லோன் குடுக்க மாட்டாங்களாம். மாத்திரை எல்லாம் டேட் முடிஞ்சதாம். "யாருங்க சொன்னாங்க?"ன்னு கேட்டா, "பேசிக்கிறாங்கங்க."

எங்க டாக்டரம்மா புதுசா வேலைக்கு வந்த சின்னப் பொண்ணு. ரிவ்யூ மீட்டிங் முடிஞ்சு வந்தா மூஞ்சி சுண்டிப் போயிருக்கும். "நம்ம பி.எச்.சி.தான் கடைசி சிஸ்டர். எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சுக் கேக்கறாங்க. வீட்டுக்கு வீடு காலேஜ் படிச்சவங்க இருக்கற ஊருதானே, ஏன் இப்படிப் பண்றாங்க?"

எனக்கும் வயிறு எரிஞ்சுது. நல்லதைக் கொண்டுபோய்க் குடுத்தா நாய் மோந்து பார்க்கற மாதிரிப் பார்க்கறாங்களேன்னு.

2. மெடிக்கல்காரர்

இதுக்குப் பின்னாடி ஒரு ஆள் இருக்கணும்னு முடிவு பண்ணிட்டேன். மாத்திரை வாசலுக்கே சும்மா வந்தா யாருக்கு நட்டம்? முக்குல மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கறவருக்குத்தான்.

விஜயாவும் அதையேதான் சொன்னா. "அந்தாள் வேலைதானுங்க நர்சம்மா. சந்தேகமே வேண்டாமுங்க."

விஜயா எங்க தன்னார்வலர். டெஸ்ட் பண்றதும் மாத்திரை கொண்டுபோறதும் அவதான். அந்தந்த ஊர்ப் பெண்ணைத்தான் போடணும்னு ரூல். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டுல மாமியாரும் மருமகளும் பேச மாட்டாங்கன்னு அவளுக்கு அத்தனையும் அத்துபடி. தோள்ல மாத்திரைப் பை, கையில எப்பவும் ஒரு மஞ்சப் பை. நல்ல உழைப்பாளி.

நான் நேரா மெடிக்கலுக்குப் போனேன். "ஏனுங்க, ஏழை பாழைக்கு வர்ற மாத்திரையில மண்ணள்ளிப் போடறீங்களே, நல்லா இருக்குதுங்களா?"

அவருக்கு மூஞ்சி சிவந்துபோச்சு. "நானாங்க? என் கடையிலயே சுகர் மாத்திரை ஓடறதில்லீங்க. இங்க நின்னாக்கூட யாராவது பாத்துப்போடுவாங்கன்னு கோயமுத்தூர் போயி காந்திபுரத்துல வாங்கறாங்க. உங்க திட்டம் வந்துதானுங்க என் யாவாரமே படுத்துப்போச்சு."

"யாரு பார்த்தா என்னவாம்?"

"நமக்கெதுக்குங்க வம்பு. நீங்க பெரியவங்க, நான் என்னத்தச் சொல்றது."

அவர் நடிக்கறாருன்னுதான் நினைச்சேன்.

3. சரசக்கா கால்

அந்த ஊர்ல என்கிட்ட ஒட்டுதலா இருந்தவங்க சரசக்கா. புருசன் தவறிட்டார். ஒரே பையன் பிரபு, கோயமுத்தூர் கணபதியில லேத் பட்டறையில வேலை. வயசு முப்பதைத் தாண்டியும் பொண்ணு அமையலை. எங்க பக்கம் இப்போ பொண்ணு கிடைக்கறது குதிரைக் கொம்பு. தோட்டம் இருந்தாலும் சரி, சொந்தக் கார் இருந்தாலும் சரி.

சரசக்காவுக்கு முதல் டெஸ்ட்டுலயே சுகர் அதிகம்னு வந்துச்சு. ஒரு மாசம் மாத்திரை வாங்கினாங்க. அடுத்த மாசம், "போதுமுங்க, இப்பச் சரியாப் போச்சுங்க"ன்னு நிறுத்திட்டாங்க. சுகர் என்ன ஜலதோசமா, சரியாப் போக?

ஒருநாள் சந்தையில பார்த்தேன். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தாங்க. மனசு கேக்காம மறுநாள் யூனிபார்ம் போடாம, பையும் எடுக்காம, சும்மா பேசப் போற மாதிரி அவங்க வீட்டுக்குப் போனேன்.

"வாங்க நர்சம்மா. மோர் குடிக்கறீங்களா?" உக்காந்தவங்க காலை சேலைக்குள்ள இழுத்துக்கிட்டாங்க. ஆனா வாடையை சேலை மறைக்குமா? இத்தனை வருச சர்வீஸ்ல அந்த வாடை எனக்குத் தெரியும்.

"காலைக் காட்டுங்கக்கா."

"ஒண்ணுமில்லீங்க. முள்ளு குத்திப்போட்டுது. வலியே தெரியலீங்க."

சுகர்காரங்களுக்கு வலி தெரியலைன்னா நரம்பு செத்துப்போச்சுன்னு அர்த்தம். கேக்காமலே சேலையை விலக்கினேன். ரெண்டு விரல் கறுத்துப் போயிருந்துச்சு.

என்னால கோபத்தை அடக்க முடியலை. "உங்களுக்கெல்லாம் என்னக்கா கேடு? சும்மா குடுக்கற மாத்திரையை முழுங்க வலிக்குதா? இப்போ கால் போகப்போகுது, தெரியுமா?"

அவங்க அழலை. மெதுவாத்தான் சொன்னாங்க. "போன தடவை பிரபுவுக்கு ஒரு நல்ல எடம் வந்துச்சுங்க. எல்லாம் பேசி முடிச்சு, ஒப்புத் தாம்பூலம்னு நாள் பாக்கறப்ப, 'அம்மாளுக்குச் சுகராமில்ல'ன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. நான் யாருகிட்டச் சொன்னனுங்க? விஜயாகிட்டத்தான் வெரலை நீட்டி ரத்தம் குடுத்தேன். உங்க விஜயா வெச்சிருக்கற மஞ்சப் பையில என்ன இருக்குதுன்னு என்னிக்காச்சும் பாத்தீங்களா? ஊர் ஜாதகம் பூரா அதுலதானுங்க இருக்குது."

ஊருக்கே தெரிஞ்சிருந்துச்சு. மரியாதைக்காக என்கிட்ட ஒருத்தரும் சொல்லலை. வீட்டுக்கு வீடு கல்யாணத்துக்கு ஆள் நிக்கற ஊர்ல, பொண்ணு தரகரையே கையில ஊசியைக் குடுத்து அனுப்பியிருக்கோம். ரேஷன் சர்க்கரை, பேங்க் லோன் கதையெல்லாம் இதை வெளிய சொல்ல முடியாம கிளம்பின கதைங்க.

4. காந்திபுரத்துக்குத் துணி எடுக்க

"ஆஸ்பத்திரிக்கு வர்றேன். ஆனா ஊருக்குத் தெரியக் கூடாதுங்க. இப்பத்தான் இன்னொரு எடம் வந்திருக்குது"ன்னாங்க சரசக்கா. பிரபுவுக்குத் துணி எடுக்கக் காந்திபுரம் போறோம்னு பக்கத்து வீட்டுல சொல்லிட்டு, பெரிய கட்டைப் பையோட பஸ் ஏறினோம். காந்திபுரத்துல இறங்கி அங்கிருந்து பெரியாஸ்பத்திரி. ரெண்டு விரலை எடுத்தாங்க, காலைக் காப்பாத்திட்டாங்க. ஊர்ல, கால்மேல தென்னமட்டை விழுந்துச்சுன்னு சொல்லியாச்சு.

அப்பறம் விஜயாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவ கூசவே இல்லை. "பொண்ணூட்டுக்காரங்க மூஞ்சிக்கு நேரா கேட்டாங்க நர்சம்மா. தெரிஞ்சுக்கிட்டே இல்லைன்னு சொல்லச் சொல்றீங்களா? நாளைக்கு அந்தப் புள்ள வந்து, ஏனக்கா மறைச்சேன்னு கேட்டா நான் என்னங்க பதில் சொல்றது?"

அவ சொல்றதுலயும் நியாயம் இருந்துச்சு, அதுதான் சங்கடம். தரகருக்கு மறைக்காம இருக்கறது தர்மம். நர்சுக்கு மறைக்கறது தர்மம். ரெண்டு பையையும் ஒரே ஆள் தூக்கக் கூடாது.

"ஏதாவது ஒரு பையைக் கீழ வை கண்ணு"ன்னேன். அவ மாத்திரைப் பையை வெச்சுட்டுப் போயிட்டா.

டாக்டரம்மாகிட்டப் போய், இந்த ஊருக்கு வெளியூர் ஆள் வேணும்னேன். "உள்ளூர் ஆள்தான் போடணும்னு ரூல் இருக்கே சிஸ்டர்?" "அந்த ரூலை எழுதினவங்க வீட்டுல கல்யாணத்துக்குப் பையன் இருந்திருக்க மாட்டான் டாக்டர்." சிரிச்சுட்டாங்க. எப்படியோ மேல பேசி, பவானியில இருந்து வாழ்க்கைப்பட்டு ரெண்டு ஊர் தள்ளி இருந்த ஒரு பெண்ணைப் போட்டாங்க. அவளுக்கு அந்த ஊர்ல சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. முதல்ல சரசக்கா மாத்திரை வாங்கினாங்க. அப்பறம் ஒவ்வொரு கதவா, பாதி பாதியாத் திறந்துச்சு. இன்னைக்கும் முழுசாத் திறக்காத கதவு இருக்கு.

5. பந்தி

பிரபு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில பொண்ணோட அம்மா என் பக்கத்துல உக்காந்தாங்க. சரசக்கா சாக்ஸும் ஷூவுமா மெல்ல நடந்து உபசாரம் பண்ணிட்டு வந்தாங்க.

"ஏனுங்க சம்பந்தியம்மா, பாயசம் அப்படியே இருக்குது? சாப்புடுங்க."

"இருக்கட்டுங்க. எனக்கு இனிப்பே ஆகாதுங்க. நீங்க சாப்பிட்டீங்களா?"

"எனக்கும் புடிக்காதுங்க, சின்ன வயசுல இருந்தே."

சரசக்கா நகர்ந்ததும் அந்தம்மா என் பக்கம் குனிஞ்சாங்க. "உங்கள எல்லாரும் நர்சம்மாங்கறாங்களே. கவர்மெண்டு மாத்திரை வாங்கினா பேரு வெளிய போவுங்களா? எனக்கு நாலஞ்சு வருசமா இருக்குதுங்க. சம்பந்தியம்மா ஊட்டுக்குத் தெரிஞ்சா புள்ளய ஏதாவது சொல்லிப்போடுவாங்க."

"போகாதுங்க"ன்னேன். அந்த வார்த்தையை முதல் நாளே இந்த ஊருக்குச் சொல்லியிருக்கணும். சொன்னபடி நடந்தும் இருக்கணும். ஜனங்க மருந்தை எதிர்க்கறாங்கன்னு நாங்க மீட்டிங்ல பேசினோம். அவங்க பயந்தது எங்க வாய்க்கு.

புதுசா இந்த வேலைக்கு வர்ற பொண்ணுங்களுக்கு நான் சொல்றது இதுதான். கதவு திறக்கலைன்னா உள்ளே இருக்கறவங்களைத் திட்டறதுக்கு முன்னாடி, நம்மகூட வாசல்ல யார் நிக்கறாங்கன்னு திரும்பிப் பாருங்க.

ரெண்டு சம்பந்தியும் இன்னும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கலை. ரெண்டு பேரும் மாசாமாசம் மாத்திரை வாங்கறாங்க. அதனால இதுல வர்ற பேர் ஒண்ணுகூட நிசமில்லை. முதல்ல அன்னூர் பக்கம்னு சொன்னேனில்ல, அதுவும் இல்லைங்க.