கயிற்றில் ஏழு முடிச்சு

அன்றைக்கு வந்திருந்தவர்கள்: படங்களை வரைந்த டிராயிங் வாத்தியார். அவருடைய அம்மா, நாற்காலியை விட்டு எழவில்லை. வாத்தியார் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை. என்னோடு சங்கு குளிக்கிற ஆட்கள் நாலு பேர், நாலு பேரும் துவைத்த சட்டையில். என் தங்கை. அவள் மாப்பிள்ளை. கடைசியாக, வாசல் பக்கம், நான்.

கடற்கரைச் சாலையில் சின்ன மண்டபம். எல்லாப் படமும் வாத்தியார் ஒருவரே வரைந்தது. எல்லாம் ஆயில் பெயிண்ட். உள்ளே படகுக்கு வார்னிஷ் அடித்த வாடை. ஒரு படத்தில் உப்பளத்தில் மரம், மரத்தில் மீன் காய்த்திருந்தது. இன்னொன்றில் ஒரு பொம்பளைக்கு முகத்துக்குப் பதில் சங்கு.

"ஏலே, ஒம் பொண்டாட்டி மாதிரியே இருக்குலா."

"வாயில்லையடே. அவளா இருக்காது."

குளியாட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போன வருஷம் வாத்தியார் எங்கள் படகில் ஒரு வாரம் வந்தார். வாந்தி எடுத்துக்கொண்டே ஆளாளுக்குக் கேட்டார், என்ன கனவு வரும் என்று. நானும் ஒன்று சொன்னேன். நான் படகில் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் கயிறு. கையில் போன். கீழே இருந்து யாரோ கயிற்றை இழுக்கிறார்கள். ஏழு தரம். நான் எழுந்திருக்கவில்லை.

அது கனவு இல்லை.

அதற்கு ரெண்டு வருஷம் முந்தி நடந்தது. தங்கை மாப்பிள்ளை கடலடியில் சங்கு பொறுக்கிக்கொண்டிருந்தார். மேலே கயிறும் காற்று டியூபும் என் பொறுப்பு. படகு டிரைவர் தூங்கிவிட்டான். கயிற்றில் ஒரு இழுப்பு என்றால் சங்குப் பையைத் தூக்கு. விடாமல் இழுத்தால் ஆளைத் தூக்கு. டியூப் மடங்கி அவருக்குக் காற்று நின்றுவிட்டது. நான் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். கயிறு ஆடுவது தெரிந்தது. நீரோட்டம் என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைக்கவும் இல்லை. வீடியோ முடியட்டும் என்று இருந்தேன். எனக்குத் தெரிந்து ஏழாவது இழுப்பில் எழுந்தேன்.

தூக்கியபோது மூக்கிலும் காதிலும் ரத்தம். காது அன்றோடு போயிற்று. கடலும் போயிற்று. இப்போது ஐஸ் கம்பெனி வாசலில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதுகிறார். கயிறு பாறையில் சிக்கிவிட்டது, இழுத்ததே தெரியவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். அவரிடமும், காதருகே கத்தி. தலையை ஆட்டிக்கொண்டார்.

கனவு என்று சொன்னால் போய்விடும் என்று நினைத்தேன். வரைவார் என்று நினைக்கவில்லை.

கடைசிச் சுவரில் இருந்தது. உப்பளத்தின் மேல் ஒரு படகு. அதில் ஒருத்தன். முகம் கிடையாது, போன் வெளிச்சம் மட்டும். மடியில் இருந்து கயிறு தரையைத் துளைத்துக்கொண்டு இறங்குகிறது. கயிறு நெடுக முடிச்சு.

வாத்தியாருக்குச் சந்தோஷம். "இது நம்ம அண்ணாச்சி கண்ட கனவு" என்று என்னைக் காட்டினார்.

மாப்பிள்ளைக்குக் கேட்கவில்லை. "ஏளா, என்ன சொல்லுதாரு?"

தங்கை அவர் காதில் வாயை வைத்துக் கத்தினாள். "எங்க அண்ணன் கண்ட கனவாம்! கீழருந்து யாரோ கயித்த இழுக்காங்களாம்! இவன் போனப் பாத்துக்கிட்டு எந்திரிக்காம இருக்கானாம்!"

மண்டபம் முழுக்கக் கேட்டது. கத்தி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. என்னைப் பார்த்தாள். குளியாட்கள் நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். சட்டைப் பையில் இருந்த போனை நான் கையால் மூடிக்கொண்டேன்.

மாப்பிள்ளை படத்துக்குக் கிட்டப் போனார். கயிற்றின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு முடிச்சாக இறங்கினார்.

"தொடாதீங்க அண்ணாச்சி, பெயிண்ட் இன்னும் காயல."

விரலை எடுக்கவில்லை. ஏழாவதில் நின்றார். அதற்குமேல் முடிச்சு இல்லை.

"வாத்தியாரே, கணக்கு தப்பு" என்றார், காது போனவர்கள் பேசுகிற சத்தத்தில்.

வாத்தியார் அவர் காதுப்பக்கம் குனிந்தார். "எத்தன போடணும் அண்ணாச்சி?"

மாப்பிள்ளை வேட்டியில் விரலைத் துடைத்தார். என் பக்கம் திரும்பவில்லை.

"பத்தொம்பது."