தனாவின் கிட்டாரை நிறுத்தியது முருகன் அல்ல

நான்தான் நிறுத்தினேன். மேடைத் தரையில் கிடந்த, தனாவின் ஆம்ப்ளிஃபையருக்கு மின்சாரம் தந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியின் சுவிட்சை என் வலது பூட்ஸின் முனையால் அழுத்தினேன். அவ்வளவுதான். ஒரு மனிதனின் வாழ்க்கையே திசை மாறிப்போயிற்று!

இதை உங்களிடம் சொல்லக் காரணம் உண்டு. சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லிவிட்டேன். அவர்கள் நம்ப மறுக்கிறார்கள்...

இளமையில் நாங்கள் நால்வர் மலேசியாவின் கிள்ளானில் ‘சூறாவளி’ என்ற பெயரில் ஹெவி ராக் வாசித்துக்கொண்டிருந்தோம். தனபாலன், எங்களுக்குத் தனா, லீட் கிட்டார். இடுப்புவரை கூந்தல், சிறுத்தைப்புள்ளி போட்ட இறுக்கமான காற்சட்டை. நான், சேகரன், பேஸ் கிட்டார். பேஸ் கிட்டாரைப் பற்றி நீங்கள் அறிந்திருக்க நியாயமில்லை. வாசித்தால் யார் காதிலும் விழாது. நிறுத்தினால் ஏதோ குறைகிறதே என்பார்கள். அப்படியொரு பிழைப்பு!

எங்களுடைய பெரிய கச்சேரி ஒரு மாலையில் கிள்ளான் மண்டபம் ஒன்றில் நடந்தது. கடைசிப் பாட்டில் தனா தனியாக வாசிப்பான், அது முடிந்ததும் நான் தனியாக வாசிப்பேன் என்பது பேச்சு. என் அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். பண்டமாரானில் எங்கள் வரிசை வீட்டுக்காரர்கள் அத்தனை பேரையும் ஒரு லோரியில் ஏற்றிக்கொண்டு, ‘என் மகன் தனியா வாசிக்கப் போறான்’ என்று அழைத்து வந்திருந்தார்.

தனா ஆரம்பித்தான். முடிக்கவில்லை. மண்டியிட்டு வாசித்தான். கிட்டாரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வாசித்தான். பல்லால் வாசித்தான்! கண்கள் மூடியிருந்தன. கூட்டம் அலறியது. நானோ ஒரே சுரத்தை டும் டும் என்று தட்டிக்கொண்டு நின்றேன். அப்பாவைப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பொறாமையா அது? அவமானமா? இல்லை, வெறும் கால் அரிப்பா? எத்தனையோ முறை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன்... கால் நகர்ந்தது. சுவிட்சைத் தேடிக் கண்டுபிடித்தது. அழுத்தியது.

கிட்டார் நின்றதும் திகைத்து எல்லோரும் வாசிப்பதை நிறுத்திவிட்டோம். அந்த அமைதியில்தான், ஐயோ, மண்டபத்துக்குப் பின்னாலிருந்த முருகன் கோயிலில் மாலைப் பூஜை மணி அடித்தது!

தனா கண்ணைத் திறந்தான். ‘இந்தப் பேய்ப் பாட்டை இவன் விடணும்’ என்று அவன் அம்மா அந்தக் கோயிலில்தான் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அவனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்ததை நானே பார்த்தேன். பயந்துபோய் சுவிட்சை மறுபடி தட்டிவிட்டேன். ஆம்ப்ளிஃபையர் ஒன்றும் நடக்காததுபோல் உயிர் பெற்றது. ஆனால் தனா அதற்குமேல் வாசிக்கவே இல்லை. பிறகு ரிப்பேர் கடைக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு, ‘பழுதே இல்ல பாஸ்’ என்றார். பழுதில்லாத பெட்டி நின்றுபோனால் அதற்கு என்ன அர்த்தம்? தனாவுக்கு ஒரே அர்த்தம்தான் தெரிந்தது.

அந்த வாரமே பத்துமலை முருகன் கோயிலுக்குப் போனான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நானும் கூடப் போனேன். படி ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. எனக்கு மூச்சு வந்தபோது அவனுக்கு முடி இல்லை.

அதன்பிறகு எப்படிச் சொல்வது? கிட்டாரை விற்றுவிட்டான். பஜனைக் குழு தொடங்கினான். இன்று கிள்ளானில் தனபாலன் ஐயா என்றால் பெரியவர்களும் எழுந்து நிற்பார்கள்.

என் தனி வாசிப்பா? வாசித்தேனே! கூட்டம் எழுந்து மீ கோரெங் வாங்கிச் சாப்பிடப் போய்விட்டது.

இதையெல்லாம் என் ஒன்றுவிட்ட தம்பி வீடியோ எடுத்திருந்தான். அந்தக் கேசட் என்னிடம்தான் இருந்தது. பயப்பட ஒன்றுமில்லை. படம் முழுக்கப் புகையும் கோடும். முழங்காலுக்குக் கீழே எல்லோரும் கருங்குட்டையில் நிற்பதுபோல் இருக்கும். போதாததற்குப் பூஞ்சணமும் பிடித்துவிட்டது. அந்தப் பூஞ்சணத்தை நான் பிள்ளைபோல் வளர்த்தேன் என்றே சொல்ல வேண்டும்.

பிறகு யாழினி வந்தாள். தனாவின் மகள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வீடியோ நிறுவனத்தில் வேலை.

“அங்கிள், அப்பாவுக்கு அறுபது வயசு. அந்தக் கச்சேரி டேப்பை ரிஸ்டோர் பண்ணி டிஸ்க் போட்டுக் கொடுக்கப் போறேன்.”

“பூஞ்சணம் புடிச்சிப் போச்சேம்மா...”

“அதெல்லாம் க்ளீன் பண்ணிடலாம் லா அங்கிள்!”

கொடுத்தேன். பூஞ்சணத்தின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தனாவின் வீட்டு வரவேற்பறையில் பஜனைக் குழு முழுவதும் வெள்ளை வேட்டியும் சேலையுமாகக் கூடியிருந்தது. சுவரை அடைத்துக்கொண்டு ஒரு தொலைக்காட்சி. யாழினி ப்ளூரே டிஸ்க்கைப் போட்டாள். அட்டைப்படம், தலைப்பு எல்லாம் கடையில் விற்பதுபோலவே அச்சடித்திருந்தாள்.

புகை இல்லை. கோடு இல்லை. தனாவின் காற்சட்டையைத் தாங்கிய ஊக்குகூடப் பளபளத்தது.

“தலைவரா இது?” என்றார் மிருதங்கம் வாசிக்கும் பெரியவர். “காலை அகட்டி நிக்கிறாரே!”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கருங்குட்டை வற்றிவிட்டிருந்தது! முழங்காலுக்குக் கீழே எல்லாம் தெரிந்தது. சிவப்புக் குஞ்சம் வைத்த வெள்ளை பூட்ஸ்... கிள்ளானில் அதை வாங்கும் துணிச்சல் எனக்கு மட்டுமே இருந்தது. அந்த பூட்ஸ் திருட்டுப் பூனைபோல் நகர்ந்து, நின்று, சுவிட்சின் மேல் அமர்ந்தது.

அமைதி. மணியோசை.

“யாழினி, கொஞ்சம் பின்னால போம்மா,” என்றான் தனா.

பின்னால் போனாள். மறுபடி பூட்ஸ். மறுபடி மணி. அறையில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“தனா,” என்றேன். “சாமி இல்லடா. நான்தான். நீ நிறுத்தவே இல்ல... அப்பா பார்த்துக்கிட்டு இருந்தாரு... பொறாமையில செஞ்சிட்டேன்டா.”

அடிப்பான் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கண்களில் நீர் நிறைந்தது. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பினான்.

“முருகா! இந்த மடையன் காலையா புடிச்ச?”

“இல்லடா, நானேதான்...”

“உனக்கு ஏதுடா அந்த மூளை? மணி அடிக்கிற நேரம் பார்த்து நீ அழுத்துவியா? அவன் அழுத்த வச்சான் லா!”

“மணி அடிக்கும்னு எனக்குத் தெரியாதுடா!”

“அதைத்தானே நானும் சொல்றேன்!”

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நீங்களே சொல்லுங்கள்!

“எந்தக் கால்? வலதா?” என்று கேட்டபடி ஓர் ஆன்ட்டி விபூதித் தட்டோடு வந்தார். நான் காலை சோபாவுக்கு அடியில் இழுப்பதற்குள் பூசிவிட்டார். மிருதங்கக்காரர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

தப்பித்து அடுப்படிக்கு ஓடினேன். தனாவின் மனைவி புஷ்பா அங்கே தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பேசினாள்.

“வீடியோவுல முன்வரிசையில பச்சைப் பாவாடை போட்ட பொண்ணைப் பார்த்தீங்களா, அண்ணே?”

பார்த்திருந்தேன். கன்னத்தில் கை வைத்து, வாய் பிளந்து நின்ற பெண்.

“அது நான்தான். வீட்டுல பொய் சொல்லிட்டு சாலாக் செலாத்தான்ல இருந்து பஸ் ஏறி வந்தேன். பின்னால இவரு அம்மா பொண்ணு கேட்டு வந்தப்ப, கிட்டார் வாசிக்கிறவருன்னுதான் உடனே சரின்னேன். பொண்ணு பார்க்க மொட்டைத் தலையோட வந்தாரு. கிட்டார் எங்கன்னு கேட்டேன். சாமி வேண்டாம்னு சொல்லிட்டாருன்னாரு.”

“புஷ்பா... என்னை மன்னிச்சிரும்மா.”

“சாமிகூட எப்படி அண்ணே சண்டை போடறது? நீங்கன்னு தெரிஞ்சிருந்தா உங்ககூடப் போட்டிருப்பேன்.”

அவள் குரல் உயரவே இல்லை. கோப்பைகளைத் தட்டில் அடுக்கினாள். அடுக்கி முடித்துவிட்டு நேராக என்னைப் பார்த்தாள்.

“மீதியை எப்படி வாசிச்சிருப்பாரு?”

வரவேற்பறையில் அந்த இடத்தை மறுபடி போட்டார்கள். கிட்டார் நின்றதும் ‘அரோகரா!’ என்று முழக்கம் எழுந்தது. புஷ்பா தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்குக் காரோட்டி வந்த வழியெல்லாம் முணுமுணுத்துப் பார்த்தேன். அந்த இடம்வரை ஒரு சுரம் பிசகாமல் வருகிறது. அதற்கப்பால் டும் டும் என்று என்னுடையதுதான் வருகிறது! மறுநாள் தனாவுக்கே தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன்: அந்தப் பாட்டின் மீதியை எப்படி வாசிக்க நினைத்திருந்தாய்?

“எந்த மீதி?” என்றான் அவன், மிகுந்த சந்தோஷத்தோடு. “அது அங்கதான்டா முடியுது.”

ஞாயிற்றுக்கிழமைதோறும் பஜனைக்குக் கூப்பிடுகிறான். போகிறேன். காலுறை போட்டுக்கொண்டுதான் போகிறேன். புஷ்பா எல்லோருக்கும் தேத்தண்ணீர் கொடுத்து வருவாள். என் முன்னால் வந்ததும் ஒரு கணம் நிற்பாள், பதிலுக்காக. நான் கோப்பையை மட்டும் வாங்கிக்கொள்கிறேன்...