அடிபடாத கன்னம்

மாரியம்மாளை நம்புகிற எல்லோருக்கும் இதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

எனக்குக் குரல் பெரிது. இந்தக் குளிர்தேசத்தில் வில்லரே என்கிற பகுதியில் எங்கள் மாடியில் நின்று நான் போனில் கதைத்தால் கீழ்வீட்டுக்கும் கேட்கும். ஆனால் மகள் துளசிமேல் ஒருநாளும் கை ஓங்கியதில்லை.

போன மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்று வயதுத் துளசி இரண்டு கன்னமும் செக்கச்செவேலென்று எழும்பினாள். காய்ச்சல் இல்லை, சிரித்து விளையாடினாள். குளிருக்குத் தோல் காய்ந்துவிட்டது என்று நினைத்துத் தேங்காயெண்ணெய் தேய்த்து, கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

மத்தியானம் கார்டெரியிலிருந்து கூப்பிட்டார்கள். கன்னத்தில் இதைச் செய்தது யார் என்று பிள்ளையிடம் கேட்டிருக்கிறார்கள். "பப்பா" என்றிருக்கிறாள். எண்ணெய் தேய்த்தது நான்தானே! சிறுவர் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அறிவித்துவிட்டதாகப் பொறுப்பாளர் மிக மரியாதையாகச் சொன்னார். பிள்ளையைப் பிரித்துக் கொண்டுபோய்விடுவார்களோ என்று வேலையைப் பாதியில் விட்டு ஓடினேன்.

அன்று பின்னேரமே, கதையைக் கேள்விப்பட்ட சுகந்தி என் மனைவிக்குப் போன் எடுத்தாள். அவள் மகனும் அதே கார்டெரிதான். "அண்ணையின்ர குரலைக் கேட்டாலே தெரியுமே" என்றாளாம்.

மனைவி என் முன்னால் வந்து நின்றாள். "உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள் அடிச்சனீங்களோ?"

"நீயும் நம்புறியோ?"

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். என் வாழ்க்கையில் அப்படி நான் அழுததில்லை. அம்மாள் படத்துக்கு முன்னால் விழுந்தேன். "தாயே, நான் அடிக்கேல்லை எண்டு காட்டு. எப்பிடியெண்டாலும் காட்டு."

மறுநாள் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. சுகந்தி. ஒரே அழுகை.

"அண்ணை, இவன்ர ரெண்டு கன்னமும் சிவந்துபோச்சு. இப்ப என்னைக் கேக்கினம். சத்தியமா நான் தொடேல்லை, அண்ணை!"

எனக்குத் தெரியும் என்று உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கொஞ்சம் அழட்டும் என்று விட்டேன்.

அன்றைக்கே இன்னும் இரண்டு பிள்ளைகளுக்குக் கன்னம் சிவந்தது. பிள்ளைகளுக்குள் தொற்றுகிற சின்ன வருத்தம், அறை வாங்கியது போலத்தான் சிவக்கும், தானாகவே போய்விடும் என்றார் டாக்டர். விசாரணையை மூடினார்கள். ஊரான் பிள்ளைகளுக்கு வருத்தம் வந்ததற்காக நான் கற்பூரம் கொளுத்தினேன். அம்மாள் உடம்பில் அம்மை முத்துப் போடுகிறவள். தன் கையிலிருந்ததைக்கொண்டே எனக்குச் சாட்சி சொன்னாள்.

இப்போது வீட்டில் மெதுவாகத்தான் கதைக்கிறேன். "பப்பா, சுகமில்லையோ?" என்று துளசி கேட்கிறாள்.

கன்னச் சிவப்பு ஒரு கிழமையில் மறைந்துவிட்டது. மனைவி என்னிடம் மன்னிப்பும் கேட்டாள். ஆனாலும் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது அவள் இன்னும் அதன் முதுகைத் திருப்பி, அடித்த தழும்பு இருக்கிறதா என்று பார்க்கிறாள்.

அதையும் அம்மாளிடமே சொல்லியிருக்கிறேன். உங்களுக்கும் ஒரு குறை இருந்தால் அவளிடமே சொல்லுங்கள். அவள் கேட்பாள்.