கலியமூர்த்தி இல்லாத வரலாறு

விசாலாக்ஷிக்குக் கோபம் வந்தால் காது மடல் சிவந்துவிடும். அன்று காலை ஆபீஸே அதைப் பார்த்தது.

மாஸ்கோவிலிருந்து வரும் ஒரு தத்துவ இதழைத் தமிழில் கொண்டுவருவதுதான் அந்த டில்லி ஆபீஸின் வேலை. 1984இல் தமிழ்ப் பதிப்புக்குப் பத்து வயது. சிறப்பிதழுக்காக இதழின் வரலாற்றை எழுதச் சொல்லியிருந்தார்கள். தஞ்சாவூரிலிருந்து வந்து, மாலை வகுப்பில் ரஷ்ய மொழி படித்து, அங்கேயே மொழிபெயர்ப்பாளராக ஆனவள் விசாலாக்ஷி. ஆசை ஆசையாகத்தான் எழுதினாள். ஆசிரியர் வைத்தி திருப்பிக் கொடுத்தபோது ஒரு பெயர் மட்டும் எல்லா இடத்திலும் அடிக்கப்பட்டிருந்தது. கலியமூர்த்தி.

இதழின் முதல் ஆசிரியர் அவர்தான். ரஷ்யத் தத்துவத்துக்குத் தமிழில் சொல் கிடைக்காமல் எல்லோரும் முழித்த காலத்தில், ஒவ்வொரு சொல்லாகக் கட்டியவர். மனிதன் உழைத்துச் செய்ததே அவனுக்கு வேற்றாளாகிப் போவதைச் சொல்ல 'தன்னயல்மை' என்று ஒன்றைக் கண்டுபிடிப்பதற்குள், சோறு தண்ணீர் மறந்து அலைந்தார். இன்றைக்கும் வைத்தி தலையங்கத்தில் அள்ளி வீசுவது அந்தச் சரக்கைத்தான்.

அப்படிப்பட்டவரின் வேலைக்கு உலை வைத்தது ஒரு கிண்ணம் பசை. ஒரு முறை இதழ் அச்சாகி வந்தபின் மாஸ்கோவிலிருந்து உத்தரவு வந்தது: உள்ளே கட்டுரை எழுதியிருக்கும் தத்துவப் பேராசிரியர் இப்போது வேண்டாதவர், பெயரை மறைத்து அனுப்பவும். ஆபீஸில் இது வழக்கம்தான். வெள்ளைத்தாளைத் துண்டு துண்டாக வெட்டிப் பெயர்மேல் ஒட்டுவார்கள். அப்போது உதவி ஆசிரியராக இருந்த வைத்தி, மைதாவில் பசை கிண்டினார்.

கலியமூர்த்தி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நேத்து வரைக்கும் மேதை, இன்னிக்கு ஆளே இல்லையா? என்னால முடியாதுய்யா."

வேலை போயிற்று. இப்போது ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் ஒரு மளிகைக் கடையில் பில் போடுகிறார். புளி வாங்கப் போகும்போதெல்லாம் விசாலாக்ஷிக்கு வயிறு எரியும்.

"சார், இவர் பேரை எடுத்துட்டா முதல் ஆசிரியர்னு யாரைப் போடறது?"

"ஆசிரியர் குழுன்னு போடேன்."

"எந்தக் குழு? அவர் ராப்பகலா எழுதினார். நீங்க பசை கிண்டிண்டிருந்தேள்!"

வைத்தியின் முகம் கறுத்தது. "வார்த்தையை அளந்து பேசு விசாலம். அச்சுக்குப் போகணும், ஜல்தி."

அவள் மறுத்தாள். வைத்தியே 'ஆசிரியர் குழு' என்று திருத்தி அனுப்பிவிட்டார். தான் எழுதிய வரலாறு ஒரு பொய்யோடு வெளியே போவதை அவளால் பொறுக்க முடியவில்லை. நல்ல மனிதரை ஒரு முறை தெருவில் விட்டது போதாதா? பிறக்கவே இல்லை என்றும் ஆக்க வேண்டுமா?

சிறப்பிதழ் கட்டுக் கட்டாக வந்து இறங்கிய அன்று, வைத்தி மதியச் சாப்பாடு முடிந்து திரும்பினார். தபாலுக்குப் போக வேண்டிய கட்டுகளெல்லாம் பிரிந்து கிடந்தன. விசாலாக்ஷி தரையில் உட்கார்ந்து, 'ஆசிரியர் குழு' என்ற இடத்தில் சின்னச் சின்னத் துண்டுத் தாள்களை ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றிலும் 'கலியமூர்த்தி' என்று டைப் அடித்திருந்தது.

"என்னடி இது அக்கிரமம்! உனக்கு வேலை போயிடும், தெரியுமோன்னோ?"

"தெரியும்." அவள் நிமிரவில்லை. "பசை காயறது. அந்தக் கட்டை இப்படித் தள்ளுங்கோ."